சிட்னி பிரென்னரின் புழு: ஒரு ஆய்வாளரை எதை வைத்து எடை போடுவது?

புழுக்காரி (டர்பன்):

எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. செல் உயிரியல் ஆய்வகத்தில் வேலை. புழு வளர்ப்பது என் பொறுப்பு, அதனால்தான் இந்தப் பெயர்.

போன வாரம் ஒரு கூட்டம். ஆய்வு மாணவி ஒருத்தியின் மூன்று வருஷ உழைப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. பெரியவர் ஒருவர் "இரண்டு பேப்பர்தானே வந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது உயிரியல் ஆய்வாளர் சிட்னி பிரென்னர் ஞாபகத்துக்கு வந்தார். இந்தத் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். 1927 ஜனவரி 13, ஜெர்மிஸ்டன். அப்பா லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த யூதர், செருப்புத் தைப்பவர். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. மேசை மேல் விரித்திருந்த செய்தித்தாளைப் பார்த்தே நாலு வயதுக்குள் படிக்கக் கற்றுக்கொண்ட பையன். 2002-ல் மருத்துவ நோபல் வாங்கினார்.

அவர் கேம்பிரிட்ஜில் இருந்தபோது, 1963-ல், அந்த ஆய்வகத்தின் தலைவர் மேக்ஸ் பெரூட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். மரபுக் குறியீட்டின் பெரிய கேள்விகள் தீரப் போகின்றன, இனி ஒரு உடம்பு எப்படி உருவாகிறது, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு உருளைப்புழு, சி. எலிகன்ஸ். அதைப் பற்றிய அவருடைய முதல் பெரிய கட்டுரை வந்தது 1974-ல். நடுவில் பதினொரு வருஷம். இன்றைக்கு எங்கள் கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்தால் அவரையும் ஒரே வரியில் முடித்திருப்பார்களா? ஒரு ஆய்வாளரின் தாக்கம் என்று எதைச் சொல்வது? உங்கள் எண்ணம் தெரிய வேண்டும்.

கரும்புக்காடு (டோங்காட்):

அக்கா, ஒரு சந்தேகம். பிரென்னர் மூலக்கூறு உயிரியல்காரர் என்றுதான் படித்திருக்கிறேன். நீங்கள் செல் உயிரியல்காரர், அவரை உங்கள் பக்கம் இழுக்கிறீர்களே?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

தம்பி, நல்ல கேள்வி. நான் முப்பது வருஷம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். என் தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரென்னர் ஆரம்பித்ததே செல்லில்தான். ஜெர்மிஸ்டன் நகரசபை கொடுத்த உதவித்தொகையில் 15 வயதில் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை சைக்கிள், ஜோகன்னஸ்பர்க் வரை ரயில், அப்புறம் நடை. இப்படியே போனால் படிப்பு முடியும்போது டாக்டர் தொழில் செய்யும் வயதே வந்திருக்காது என்று தெரிந்தது. அதனால் நடுவில் அறிவியல் பட்டம் படிக்க விட்டார்கள். உடற்கூறியலும் உடலியலும். அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே முதுகலை முடித்தார். அந்த ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? யானை மூஞ்சூறின் குரோமோசோம்கள். நம் காட்டுப் பக்கம் ஓடுமே, நீள மூக்கோடு, அதுதான். பிள்ளையாருக்கு வாகனமும் முகமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி ஒரு பிராணி, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

செல்லுக்குச் சாயம் ஏற்றிப் பார்க்கத் தேவையான சாயங்களைத் தாமே தயாரித்தார். மைய விலக்கு இயந்திரத்தைக்கூடத் தம் கையால் கட்டினார். கையில் காசு இல்லாத இடத்தில் வேலை கற்றவர்களுக்கு இந்தப் பழக்கம் கடைசிவரை போகாது. புழுவைத் தேர்ந்தெடுத்ததிலும் எனக்கு அந்தக் கைதான் தெரிகிறது. மலிவானது, சின்னது, தட்டில் வளர்வது.

அப்புறம் மருத்துவ இறுதித் தேர்வில் ஒரு தடவை தோற்றவர் அவர். நோயாளியின் மூச்சை முகர்ந்து பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோன் வாடையைச் சொல்ல வேண்டும். அவர் பற்பசை வாடை வருகிறது என்றார். மூக்கில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதி, 1951-ல் பட்டம்.

ஜோபர்க்வாசி:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அவர் 1952-ல் ஆக்ஸ்ஃபோர்டு போனார். 1953 ஏப்ரலில் நண்பர்களோடு காரில் கேம்பிரிட்ஜ் போய் வாட்சனும் கிரிக்கும் கட்டி வைத்திருந்த டி.என்.ஏ. மாதிரியை நேரில் பார்த்தார். 1954 கடைசியில் ஜோகன்னஸ்பர்க் திரும்பி விட்ஸ் உடலியல் துறையில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து ஒரு சின்ன ஆய்வகம் போட்டார். இரண்டு வருஷம் இங்கேதான் இருந்தார். 1956 கடைசியில் கேம்பிரிட்ஜ். அங்கே கிரிக்கும் அவரும் இருபது வருஷம் ஒரே அறை.

என்னைக் கேட்டால் அவருடைய பெரிய வேலை புழு இல்லை, 1960-ல் செய்த தூது ஆர்.என்.ஏ. பரிசோதனை. டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி புரதம் தயாரிக்கும் ரைபோசோமுக்கு எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாத காலம். பிரென்னரும் ஃபிரான்சுவா ஜாக்கோபும் கலிஃபோர்னியாவில் மேசல்சனின் ஆய்வகத்துக்குப் போய் சில வாரங்களுக்குள் நிரூபிக்கப் பார்த்தார்கள். சீசியம் கரைசலில் சுற்றவிட்டால் ரைபோசோம்கள் உடைந்து உடைந்து போயின. நாள் முடியப் போகிறது. மனம் விட்டுப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது பிரென்னர் திடீரென்று எழுந்து "மக்னீசியம்!" என்று கத்தினார். ரைபோசோமைக் கட்டிப் பிடித்திருக்கும் மக்னீசியத்தை சீசியம் தள்ளிவிடுகிறது. ஓடிப்போய் மக்னீசியத்தைக் கூட்டினார்கள், ரைபோசோம் நின்றது. 1961-ல் நேச்சர் இதழில் கட்டுரை. அதே வருஷம் கிரிக்கோடு சேர்ந்து, மரபுக் குறியீடு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுகிறது என்று காட்டினார். அந்த மூன்றெழுத்துக்குக் கோடான் என்ற சொல்லும் அவர் கொடுத்ததே.

கொரோனா தடுப்பூசி போடும்போது எல்லோரும் எம்.ஆர்.என்.ஏ. என்று பேசினார்களே, அது இந்தத் தூது ஆர்.என்.ஏ.தான், அதன் வேர் அந்தக் கடற்கரையில் இருக்கிறது. இதற்கு நோபல் கொடுக்காமல் 75 வயதில் புழுவுக்குக் கொடுத்தார்கள்.

வெஸ்ட்வில் மாணவி:

எல்லோரும் மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது.

பிரென்னர் பதினொரு வருஷம் பொறுமையாக இருந்தார் என்றால், இருக்க முடிந்தது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் நிலையான காசு, நிலையான வேலை, பக்கத்து நாற்காலியில் கிரிக். அவர் பெயர் சொன்னாலே கதவு திறக்கும். எனக்கு யார் திறப்பார்கள்? என் அப்பா ஃபீனிக்ஸில் பஸ் ஓட்டுகிறார். வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எனக்குப் பரிந்து பேச ஒரு ஆள் கிடையாது. என் கட்டுரை எண்ணிக்கையும் எச்-இன்டெக்ஸும்தான் எனக்காகப் பேசும். எச்-இன்டெக்ஸ் 5 என்றால் 5 கட்டுரைகளை ஒவ்வொன்றையும் குறைந்தது 5 தடவை மற்ற கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அதில் யாருடைய மகள் என்று கேட்பதில்லை. எண்ணிக்கையை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது "இவர் நல்லவர், எனக்குத் தெரியும்" என்ற பேச்சு. அந்தப் பேச்சில் நம் ஆட்கள் எத்தனை வருஷம் வெளியே நின்றோம்?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

மகளே, நீ சொல்வது என் நெஞ்சில் பட்டது. பிரென்னர் படித்த காலத்தில் விட்ஸ் கொஞ்சம் இந்திய மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1959-ல் நிறவெறி அரசு சட்டம் போட்டு அந்தக் கதவை ஏறக்குறைய மூடியது. 1961-ல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் ஒரு கல்லூரி. கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்கள். நான் அங்கே படித்தவன். காலையில் படகில் போவோம், காற்றடிக்கும் நாளில் புத்தகம் நனையும். ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு நாலு பேர் வரிசையில் நிற்போம். என் முறை வரும்போது வெங்காயத் தோல் காய்ந்து போயிருக்கும். அந்தக் கல்லூரிதான் பிறகு வெஸ்ட்வில் மலைக்குப் போனது. இன்று நீ படிக்கிற இடம்.

அதனால் எண்ணிக்கை உனக்கு ஏன் முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதுதான் புழுக்காரி அம்மா கேட்கிற கேள்வி என்று நினைக்கிறேன்.

புழுக்காரி (டர்பன்):

தங்கச்சி, நீ சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புழுவைப் பற்றி. நான் தினமும் காலையில் பார்க்கிறேன், அதனால் சொல்லத் தோன்றுகிறது. சின்ன வட்டத் தட்டில் அகார் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, நடுவில் ஈ. கோலி பாக்டீரியாவை ஒரு வட்டமாகப் பூசியிருப்போம். அதுதான் அதற்குச் சோறு. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தால் கண்ணாடி இழை மாதிரி புழுக்கள் அலை அலையாக நெளிந்து போகும், பின்னால் தடம் விழும். உடம்பு முழுக்க ஒளி ஊடுருவும். வயிற்றில் முட்டைகள் வரிசையாகத் தெரியும். முட்டைக்குள்ளே செல் இரண்டாகப் பிரிவதை உயிரோடு பார்க்கலாம். பிளாட்டினம் கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, அதில் கொஞ்சம் பாக்டீரியாவை ஒட்டிக்கொண்டு, ஒரு புழுவைத் தொட்டு எடுத்து அடுத்த தட்டில் விட வேண்டும். எனக்கு அது கைவர மூன்று வாரம் ஆனது. மூன்று நாலு நாளில் ஒரு தலைமுறை. ஒரு புழு தானே கருவுற்று ஏறக்குறைய 300 குஞ்சு பொரிக்கும். சாப்பாடு தீர்ந்தால் மெலிந்து இறுகி மாதக்கணக்கில் காத்திருக்கும். உறைய வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும், உருக்கினால் மறுபடி ஓடும். மின்வெட்டு அதிகமாக இருந்த நாட்களில் எங்கள் இன்குபேட்டர் சூடாகிப் பாதிப் புழுக்கள் மலடாகிவிட்டன. உறைய வைத்திருந்ததை எடுத்துத்தான் திரும்ப ஆரம்பித்தேன்.

இதையெல்லாம் யோசித்துத்தான் பிரென்னர் தேர்ந்தெடுத்தார். 1974 கட்டுரையில் ஒரே ஒரு பெயர், அவருடையது. ரசாயனம் கொடுத்து மரபணுவைக் கெடுத்து, கோணலாக நகரும் புழு, குட்டையான புழு, உருண்டு போகும் புழு என்று சுமார் 300 பிறழ்வுகளைப் பிரித்தெடுத்து, ஏறக்குறைய 100 மரபணுக்களை ஆறு குரோமோசோம்களில் இடம் குறித்தார்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. ஜான் சல்ஸ்டன் அவருடைய ஆய்வகத்துக்கு வந்தவர். ஒற்றைச் செல்லிலிருந்து முழுப் புழு வரை ஒவ்வொரு செல்லும் எங்கே பிறந்தது, எங்கே போனது என்று கண்ணால் பார்த்துப் பதிவு செய்தார். கருவுக்குள் நடப்பதைப் பார்க்க ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வீதம் இரண்டு தடவை மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தார். இப்படி ஒன்றரை வருஷம். இருபால் புழுவில் 1,090 செல்கள் பிறக்கின்றன, 131 செத்துப்போகின்றன, 959 மிஞ்சுகின்றன. எந்தப் புழுவிலும் அதே 131, அதே நேரத்தில். சாவும் திட்டத்தில் எழுதி வைத்த வேலை என்று அப்போதுதான் கண் முன்னால் தெரிந்தது. கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும், விரல்களுக்கு நடுவில் இருக்கும் செல்கள் சாவதால்தான் விரல் பிரிகிறது. அந்த ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹார்விட்ஸ் பிறகு அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்.

கரு வளர்ச்சி பற்றிய அந்தக் கட்டுரை 1983-ல் வந்தது. சல்ஸ்டன், ஷீரன்பெர்க், வைட், தாம்சன். நாலு பெயர். பிரென்னர் பெயர் இல்லை. 1977-ல் சல்ஸ்டனும் ஹார்விட்ஸும் எழுதியதிலும் இல்லை. ஆய்வகம் அவருடையது, புழு அவருடையது, கேள்வி அவருடையது. இன்றைக்கு நம்மில் எத்தனை தலைவர்கள் தங்கள் பெயரைப் போடாமல் விடுவார்கள்? பிரென்னர் அப்படிச் செய்திருந்தால் அவர் எண்ணிக்கை இன்னும் எத்தனையோ ஏறியிருக்கும்.

இன்னொன்று. நிக்கல் தாம்சன் என்பவர் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்காகப் புழுவை நூலைவிட மெல்லிய துண்டுகளாக வெட்டிய கைக்காரர். அந்தத் துண்டுகளின் படங்களில் ஒவ்வொரு நரம்பாகப் பின்தொடர்ந்து 302 நரம்புச் செல்களின் இணைப்பை வரைந்தார்கள். 1986-ல் 340 பக்கத்தில் வெளிவந்தது, அதில் வைட், சவுத்கேட், தாம்சன், பிரென்னர். வெட்டியவரின் பெயரும் வரைந்தவரின் பெயரும் உண்டு. ஆய்வகத்தில் கம்பி பிடிக்கிற எனக்கு அந்த வரிசையைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கும்.

அதனால் என் எண்ணம் இது: ஒரு ஆய்வாளர் போன பிறகு மற்றவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பிரென்னர் கொடுத்தது ஒரு புழு, அதன் பிறழ்வுகள், கேட்டவருக்கு அனுப்பும் பழக்கம். அதே பழக்கத்தில் அமெரிக்காவில் ஒரு சேமிப்பு மையம் இன்றும் யார் கேட்டாலும் சிறு கட்டணத்தில் தட்டில் வைத்துத் தபாலில் அனுப்புகிறது. எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. 2006-ல் ஃபயர், மெல்லோ, 2008-ல் பச்சை ஒளிரும் புரதத்தில் சால்ஃபி, 2024-ல் ஆம்ப்ரோஸ், ரவ்குன். நோபல் வாங்கிய இந்த வேலைகள் எல்லாவற்றிலும் அதே புழு.

உம்லாங்கா மருந்தாளர்:

புழுக்காரி அம்மா சொன்ன செல் சாவைப் பற்றி என் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மனிதர்களின் நிணநீர்ப் புற்றுநோயில் பி.சி.எல்-2 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தது வேறு ஆட்கள். செல்லைச் சாக விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. 1992-ல் அந்த மனித மரபணுவைப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். சாக வேண்டிய புழுச் செல்களில் சில சாகவில்லை! புழுவிலும் அதற்கு இணையான மரபணு இருக்கிறது. இந்த பி.சி.எல்-2-வை அடைத்துப் புற்றுநோய்ச் செல்லைச் சாக வைக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய்க்கு. விலை இன்னும் நம் மக்களுக்கு எட்டாத உயரம், அது வேறு வருத்தம். அந்த மாத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புழு ஞாபகம் வரும்.

ஜோபர்க்வாசி:

சரி, புழுதான் பெரியது என்று ஒத்துக்கொள்கிறேன். தூது ஆர்.என்.ஏ.வை அவர்கள் செய்யாவிட்டால் வேறு யாராவது ஓரிரு வருஷத்தில் செய்திருப்பார்கள், போட்டி அப்படி இருந்தது. புழுவை அவர் எடுக்காவிட்டால் யார் எடுத்திருப்பார்கள்?

அப்புறம், விட்ஸில் அவர் பெயரில் ஒரு ஆய்வு நிறுவனம் இருக்கிறது, பார்க்டவுனில். ஆப்பிரிக்க மக்களின் மரபணுவைப் பற்றி வேலை நடக்கிறது. நம் சிங்கப்பூர் சொந்தங்களுக்கும் அவர் நெருக்கம். அங்கே மூலக்கூறு, செல் உயிரியல் நிறுவனம் உருவாக ஆலோசகராக இருந்தார், கடைசிக் காலத்தை அங்கேயே கழித்தார், 2019 ஏப்ரல் 5-ல் அங்கேயே காலமானார்.

வெஸ்ட்வில் மாணவி:

அக்கா, தாம்சனைப் பற்றி நீங்கள் எழுதியதை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

நான் என் பேச்சை முழுக்க வாபஸ் வாங்கவில்லை. இங்கே ஆய்வாளர்களுக்கு என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆய்வு நிறுவனத்தின் தரவரிசை இருக்கிறது, ஏ, பி, சி என்று. முனைவர் பட்டம் முடித்த இளையவர்களுக்கு ஒய். அதைச் சக ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் படித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள், வெறும் எண் இல்லை. அதே சமயம் அங்கீகரித்த இதழில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அரசு பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுக்கிறது. அதனால் மேலே இருப்பவர்களுக்கு எண்ணும் கை தானாக வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே கட்டடத்தில் நடக்கிறது. எண்ணிக்கை என்னைக் கதவுக்கு உள்ளே விடட்டும். உள்ளே போன பிறகு, யாருக்கு என்ன கொடுத்தேன் என்றும் ஒருவர் கேட்கட்டும். இப்போதைக்கு அந்தக் கேள்விக்கு விண்ணப்பத்தில் இடமே இல்லை.

என் செல் வரிசை ஒன்று, அதாவது ஆய்வகத்தில் தொடர்ந்து வளரும் ஒரே வகைச் செல்கள், இருக்கிறது. எட்டு மாதம் போராடி வளர்த்தேன். பக்கத்து ஆய்வகம் கேட்டபோது, என் கட்டுரை வரட்டும் என்று தள்ளிப் போட்டேன். இன்று காலையில் இரண்டு குப்பி உருக்கிக் கொடுத்துவிட்டேன்.

புழுக்காரி (டர்பன்):

தங்கச்சி, கொடுத்த தேதியையும் யாருக்கு என்பதையும் ஆய்வேட்டில் எழுதி வை. அவர்கள் கட்டுரையில் உன் பெயர் நன்றியிலாவது வர வேண்டும், அதை இப்போதே பேசிவிடு. கூச்சப்படாதே. அந்தக் கூட்டத்தில் இருந்த பெண்ணிடமும் இதையேதான் சொன்னேன்.

கரும்புக்காடு (டோங்காட்):

அக்கா, இந்தப் புழுவை நாங்கள் பார்க்க முடியுமா? என் பெண்ணுக்கு ஒன்பது வயது. செல் சாகிறது என்று வாசித்ததிலிருந்து கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறாள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எடுத்து வர முடியுமா அம்மா? என்னிடம் பள்ளியிலிருந்து ஓய்வு பெறும்போது கொடுத்த ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. லென்ஸைத் துடைத்து வைக்கிறேன். பிள்ளைகள் பதினாலு பேர்.

புழுக்காரி (டர்பன்):

கேட்டுவிட்டேன் ஐயா, சாதாரணப் புழுவை எடுத்துப் போகலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. பிறழ்வு எதுவும் வேண்டாம், நேராக ஓடுகிற புழு போதும். வியாழக்கிழமை புதுத் தட்டுக்கு மாற்றினால் சனிக்கிழமை காலையில் முட்டை நிறைய இருக்கும். மூன்று தட்டு கொண்டு வருகிறேன். அறையில் ஒரு மின்விசிறி மட்டும் போட்டு வையுங்கள், வெயில் ஏறினால் அதுகளுக்கு ஆகாது. பதினாலு பேரும் வரிசையில் நின்று பார்க்க நேரம் இருக்கிறது, காய்ந்து போகாது.